சிஎன்சி வருவதற்கு முன், ஒரே அளவில் லட்சக்கணக்கான பொருள்களை எப்படிச் செய்தார்கள்?

கேள்வி கேட்டவர் எழுதியதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 1950-களில் செய்த அமெரிக்க டயல் டெலிபோன் ஒன்றைப் பிரித்துக் காட்டும் வீடியோவைப் பார்த்திருக்கிறார். உள்ளே ஒவ்வொரு திருகும் பல்சக்கரமும் அத்தனை சுத்தமாக இருந்ததாம். கம்ப்யூட்டர், சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டளைப்படி தானே வெட்டும் மெஷின்), ரோபோ எதுவும் இல்லாத காலத்தில் இதை எப்படிச் செய்தார்கள், எல்லாம் கைவேலையா, அதனால்தான் இன்னும் உழைக்கிறதா என்பது கேள்வி. இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. லட்சக்கணக்கான பொருள்களை ஒரே அளவில் எப்படிக் கொண்டுவந்தார்கள் என்பது முதல் கேள்வி. அவை ஏன் நீடித்தன என்பது இரண்டாவது. முதலாவதற்கு உறுதியாகப் பதில் சொல்ல முடியும். இரண்டாவதில் உண்மையும் ஊர்ப்பேச்சும் கலந்து கிடப்பதால் பிரித்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நான் அம்பத்தூரில் முப்பது வருடத்துக்கு மேல் டூல் ரூமில், அதாவது உற்பத்திக்கு வேண்டிய அச்சுகளையும் கருவிகளையும் செய்யும் பிரிவில், இருந்தவன். டை (தகட்டை வெட்டும், வளைக்கும் அச்சு), பஞ்ச் (டையின் துளைக்குள் இறங்கித் தகட்டை வெட்டும் துண்டு), பிளாஸ்டிக் மோல்ட் (பிளாஸ்டிக்குக்கு உருவம் கொடுக்கும் அச்சு), ஜிக் (உருப்படியைப் பிடித்து டூலுக்கு வழிகாட்டுவது), கேஜ் (அளவைச் சரிபார்ப்பது) இவைதான் என் தொழில். அமெரிக்கத் தொழிற்சாலைக்குள் நின்று வேலை பார்த்ததில்லை. ஆனால் அந்தக் காலத்து முறையில்தான் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தார்கள். ஒயர்கட், அதாவது மின்பொறி பறக்கும் கம்பியால் எஃகை அறுக்கும் மெஷின், எங்கள் ஷாப்புக்கு வருவதற்கு முன்பே நான் பஞ்சுக்கு அரம் போட்டுப் பழகியவன். அதனால் டெலிபோன் உடம்பையோ ஃபிரிட்ஜ் கதவையோ பார்த்தால், அதைச் செய்த கருவி எப்படி இருந்திருக்கும் என்பது எனக்குக் கண்முன் வந்துவிடும்.

கைவேலையா என்று கேட்டால், ஆமாம். ஆனால் கைவேலை டெலிபோனில் இல்லை, டெலிபோனைச் செய்யும் அச்சில் இருந்தது. ஒரு நல்ல டை மேக்கர் இரண்டு மூன்று மாதம் உட்கார்ந்து ஒரு அச்சைச் செய்வார். அதற்கப்புறம் நேற்று வேலைக்குச் சேர்ந்த ஒருவர் அதில் நாள் முழுக்க உருப்படிகளை எடுத்துப் போடலாம், எல்லாம் ஒரே மாதிரி வரும். திறமை முழுவதையும் டூல் ரூமில் குவித்துவிட்டு, வெளியே உற்பத்தி வரிசையில் யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய வேலையை வைத்தார்கள். அமெரிக்காவில் டூல் அண்ட் டை மேக்கர் ஆவதற்கு வழக்கமான பயிற்சி நான்கு வருடம், சுமார் 8000 மணி நேரம். அச்சை அழுத்தி உருப்படி எடுக்கும் பிரஸ் மெஷினை ஓட்டுபவருக்குச் சில நாள் போதும்.

அவர் பார்த்தது மாடல் 500 டெலிபோனாகத்தான் இருக்க வேண்டும். அமெரிக்க டெலிபோன் நிறுவனமான பெல்லின் ஆய்வகமும் வடிவமைப்பாளர் ஹென்றி ட்ரேஃபஸும் சேர்ந்து உருவாக்கியது. 1950 வாக்கில் பரவலாக வீடுகளுக்குப் போக ஆரம்பித்தது. செய்தது அதே பெல் குழுமத்தின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக். இண்டியானாபொலிஸில் டெலிபோனுக்கென்றே ஒரு பெரிய தொழிற்சாலை நடத்தினார்கள். அந்த உடம்பின் வளைவுகளைப் பாருங்கள், எங்கேயும் நேர்க்கோடு கிடையாது. இப்படிப்பட்ட உடம்புக்கு இன்று மோல்ட் செய்வதென்றால் கம்ப்யூட்டரில் வரைந்து, புரோகிராம் எழுதி, சிஎன்சியில் போட்டுவிடுவோம். அன்று முதலில் மரத்திலோ பிளாஸ்டரிலோ ஒரு மாதிரி செய்வார்கள். பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும், அந்தக் காலத்து செல்லுலோஸ் பிளாஸ்டிக் ஆயிரத்துக்கு ஐந்து பங்கு வரை சுருங்கும். ஆகவே மோல்டை அந்த அளவுக்குப் பெரிதாக வைக்க வேண்டும். பிறகு மாதிரியைக் காப்பி மில்லிங் மெஷினில் ஏற்றுவார்கள். கெல்லர் மெஷின் என்பது அந்த வகையில் மிகப் பிரபலம். ஒரு பக்கம் விரல் போன்ற ஒரு முனை மாதிரியைத் தடவிக்கொண்டே போகும். மறுபக்கம் கட்டர் அதே அசைவை எஃகுக் கட்டியில் செய்யும். டூல் ரூம்காரர்கள் அந்த வேலைக்கே 'கெல்லரிங்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ஆனால் கெல்லர் மெஷினிலிருந்து வந்த எஃகு, உழுத வயல் மாதிரி வரி வரியாக இருக்கும். அதை வழவழப்பாக்குவது மனிதக் கை. முதலில் அரம், அப்புறம் சாணைக்கல், அப்புறம் எமரி, கடைசியில் வைரப் பசை தடவிய மரக்குச்சியும் கம்பளித் துணியும். மோல்டின் உள்ளே என்ன பளபளப்பு இருக்கிறதோ அதுதான் பிளாஸ்டிக்கில் வரும். கறுப்பு டெலிபோனில் உங்கள் முகம் தெரிந்தால், யாரோ ஒருவர் பல நாள் குனிந்து உட்கார்ந்து அந்த எஃகுக் குழிக்குள் தன் முகம் தெரியும்வரை தேய்த்தார் என்று அர்த்தம்.

இரண்டு பாதி மோல்டும் ஒன்றோடொன்று சரியாக உட்கார்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. இதை மட்டும் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதுதான் அந்தத் தொழிலின் உயிர். ஒரு பாதியின் ஓரத்தில் புளூவை, அதாவது எண்ணெயில் குழைத்த நீலச் சாயத்தை, விரல் நுனியால் மிக மெல்லிசாகத் தடவ வேண்டும். அதிகம் தடவினால் பொய் சொல்லும், குறைவாகத் தடவினால் ஒன்றும் சொல்லாது. பிறகு மற்ற பாதியை மேலே இறக்கி மெல்ல அழுத்தி எடுக்க வேண்டும். உயரமாக இருக்கும் இடத்தில் மட்டும் நீலம் ஒட்டியிருக்கும். அந்த நீலப் புள்ளியை மட்டும் கல்லால் தொட்டுவிட்டு, துடைத்து, திரும்பத் தடவி, திரும்ப இறக்க வேண்டும். ஐம்பது தடவை, நூறு தடவை. கடைசியில் சுற்றிவர ஒரே சீராக நீலம் விழும்போது நிறுத்தலாம். அளந்து பார்த்தால் இங்கே பேசப்படும் கனம் ஒரு தவ்வில், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பாகத்தில், ஒரு சிறு பங்குதான். கண்ணுக்குத் தெரியாத அளவை விரலுக்குத் தெரிகிற மாதிரி ஆக்கிக் கொடுக்கிறது அந்த நீலம். இந்த முறையை நான் கற்றுக்கொண்டபோது எங்கள் ஃபோர்மேன், "தேய்க்கிற நேரத்தைவிடப் பார்க்கிற நேரம் அதிகமா இருக்கணும் தம்பி" என்பார். அமெரிக்க டூல் ரூம்களிலும் இதே நீலம்தான், இதே வேலைதான்.

தகடு வெட்டும் டையில் வேறு வகைச் சிரமம். ஒயர்கட் அன்று கிடையாது. டையில் ஒரு விநோத வடிவத்தில் துளை வேண்டுமென்றால் ஓரமாக வரிசையாக ட்ரில் போட்டு, நடுத்துண்டைத் தட்டி எடுத்துவிட்டு, மீதியை அரத்தால் கோடுவரை கொண்டுவர வேண்டும். பஞ்சுக்கும் டைக்கும் இடையே ஒரு பக்கத்துக்குத் தகட்டுக் கனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இடைவெளி இருக்கக் கூடாது. அந்த இடைவெளி சுற்றிவர ஒன்றாக இருக்கவும் வேண்டும். அதையெல்லாம் முடித்து ஹார்டனிங்குக்கு, அதாவது சூடாக்கி எண்ணெயில் தோய்த்து இறுக்குவதற்கு, போட்டால் எஃகு சூட்டில் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். அதையும் முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருக்க வேண்டும். என் ஆரம்ப நாள்களில் ஒரு டையின் உள்மூலையைக் கூர்மையாக விட்டுவிட்டேன். எண்ணெயில் இறக்கியதும் டொக் என்று ஒரு சத்தம். ஆறு வார வேலை அந்த மூலையில் விரிசலாகப் போய்விட்டது. மூலைக்குச் சின்ன வளைவு கொடுக்கச் சொல்வது எதற்கென்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

சரி, திருகுகளுக்கு வருவோம். அவர் அதிகம் வியந்தது அவற்றைத்தான். சிறு திருகு, ஊசி, புஷ் போன்றவற்றை ஆட்டோ லேத்தில், அதாவது தானே ஓடும் கடைசல் மெஷினில், செய்தார்கள். ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பிராவிடன்ஸ் நகரத்து பிரவுன் அண்ட் ஷார்ப் கம்பெனியின் மெஷின்கள் இதில் பேர்பெற்றவை. நம் ஊரில் ட்ராப் என்ற ஆட்டோ லேத்தை ஓட்டியவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். மெஷினுக்குள் தட்டையான இரும்புத் தட்டுகள் சுழலும், அவைதான் கேம். தட்டின் விளிம்பு மேடும் பள்ளமுமாக இருக்கும். விளிம்பு ஏறும் இடத்தில் டூல் முன்னே போகும், இறங்கும் இடத்தில் பின்னே வரும். செங்குத்தாக ஏறினால் டூல் பாய்ந்து போகும். மெல்லச் சரிந்து ஏறினால் நிதானமாகக் கடையும். ஏற்றமே இல்லாமல் வட்டமாக ஓடினால் டூல் அங்கேயே நின்று ஒரு சுற்று தேய்த்து பினிஷ் கொடுக்கும். கேம் ஒரு முழுச் சுற்று வந்தால் ஒரு திருகு முடிந்து கீழே விழும், கம்பி தானாக முன்னே நகரும்.

கேம் வரைபவர் வட்டத்தை நூறு பாகமாகப் பிரித்துக்கொள்வார். கம்பி முன்னே வர இத்தனை பாகம், கடைய இத்தனை, மரை போட இத்தனை, வெட்டி விட இத்தனை என்று ஒதுக்குவார். ஒரு பாகத்தை மிச்சப்படுத்தினால் வருடம் முழுக்க ஓடும் மெஷினில் எத்தனை ஆயிரம் திருகு கூடும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இன்று நாம் புரோகிராம் என்று சொல்வதை அன்று தட்டின் விளிம்பில் வெட்டி வைத்தார்கள். வேறு திருகு வேண்டுமென்றால் தட்டுகளைக் கழற்றி வேறு தட்டுகளை மாட்ட வேண்டும், அதற்கு மெஷினை அமைத்துக் கொடுக்கும் செட்டர் அரை நாளோ ஒரு நாளோ எடுத்துக்கொள்வார். அதனால்தான் அந்தக் காலத்தில் ஒரே திருகை லட்சக்கணக்கில் செய்வது மலிவு, ஐநூறு மட்டும் செய்வது ரொம்பச் செலவு. பொருளின் வடிவமைப்பையே இது பாதித்தது. டெலிபோனுக்குள் முடிந்தவரை ஒரே வகைத் திருகைத் திரும்பத் திரும்பப் போட்டால் மிச்சம்.

இப்படிப்பட்ட இயந்திர மூளை பொருளுக்குள்ளேயும் இருந்தது. டயலைச் சுற்றி விட்டால் அது ஒரே வேகத்தில் திரும்புகிறதே, நொடிக்குச் சுமார் பத்துத் துடிப்பு, அதைக் கட்டுப்படுத்துவது சுழலும்போது விரிந்து உரசும் ஒரு குட்டி கவர்னர். 1949-ல் சன்பீம் கொண்டுவந்த டி-20 டோஸ்டர் இன்னும் அழகு. ரொட்டியை வைத்தால் தானாக இறங்கும், வெந்ததும் தானாக மெல்ல ஏறும். மோட்டார் கிடையாது. சூடாகும் கம்பி நீள்வதையே நெம்புகோல்கள் பெரிதாக்கி ரொட்டியை இறக்குகின்றன. ரொட்டியின் மேற்பரப்புச் சூட்டை ஒரு இரட்டை உலோகப் பட்டை உணர்கிறது. இத்தனைக்கும் அடியில் ஒரே ஒரு அட்ஜஸ்ட்மென்ட் திருகு.

கம்ப்யூட்டர் அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1952-ல் எம்ஐடி ஆய்வகத்தில் எண்களால் கட்டுப்படுத்தப்பட்ட முதல் மில்லிங் மெஷினை ஓட்டிக் காட்டினார்கள். ஆனால் அது விமானப்படையின் பணத்தில், விமான உறுப்புகளுக்காகச் செய்த முயற்சி. டெலிபோன், டோஸ்டர் பக்கம் அது வர ரொம்ப காலம் ஆயிற்று. கென்டக்கியில் லூயிவில் நகரத்தில் ஜெனரல் எலக்ட்ரிக் கட்டிய 'அப்ளையன்ஸ் பார்க்' என்ற பிரம்மாண்டமான தொழிற்சாலையில் 1954-லேயே ஒரு யூனிவாக் கம்ப்யூட்டரை வாங்கி வைத்தார்கள். அதற்குக் கொடுத்த முதல் வேலை தொழிலாளர்களின் சம்பளக் கணக்கு. ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் டையிலும் பிரஸ்ஸிலும்தான் வந்துகொண்டிருந்தன.

ஒரே அளவு வந்ததை எப்படி உறுதிசெய்தார்கள் என்பதும் கேள்விக்குள் அடக்கம். வரிசையில் நிற்பவர் மைக்ரோமீட்டரைப் படித்து எண் சொல்ல வேண்டியதில்லை. அவர் கையில் இருபக்கக் கேஜ் ஒன்று இருக்கும். ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. இரண்டும் போனால் துளை பெரிது, இரண்டும் போகாவிட்டால் சிறிது. ஒரு நொடி வேலை. அந்தக் கேஜ் சரியா என்பதை டூல் ரூமில் ஸ்லிப் கேஜ் வைத்துப் பார்ப்பார்கள். ஸ்வீடன்காரர் யோஹான்சன் கண்டுபிடித்த அந்தக் கண்ணாடி போன்ற எஃகுக் கட்டிகள்தான் உலகம் முழுக்க அளவுக்கு அளவாக இருந்தவை. ஹென்றி ஃபோர்டு 1923-ல் அவரையே தன் கம்பெனிக்கு அழைத்துக்கொண்டார் என்பதிலிருந்து அதன் மதிப்பு தெரியும்.

இதற்கு மேல் ஒரு கணக்கு இருந்தது. வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கில் வேலை பார்த்த வால்டர் ஷூஹார்ட் 1924-ல் ஒரே ஒரு பக்கக் குறிப்பில் கட்டுப்பாட்டு வரைபடம் என்ற யோசனையை எழுதிக் கொடுத்தார். அளவு எப்போதும் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். எந்த ஆட்டம் இயல்பு, எந்த ஆட்டம் மெஷினில் ஏதோ தேய்கிறது என்று சொல்கிறது என்பதைக் கோடு போட்டுப் பிரித்துப் பார்க்கும் வழி அது. அளவு தவறிய உருப்படி வருவதற்கு முன்பே டூலை மாற்றிவிடலாம். அதே பெல் குழுமத்தில் டாட்ஜும் ரோமிக்கும், ஒரு பெட்டி உருப்படியில் எத்தனையை எடுத்துப் பார்த்தால் போதும் என்று அட்டவணை போட்டார்கள். என் அனுபவத்தில், அந்தக் காலத்துத் தரத்துக்கு அரத்தை விடவும் இந்தக் காகிதம் முக்கியக் காரணம். நல்ல டையும் தேயும். தேய்வதை யாராவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

பிளாஸ்டிக்கைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அந்தப் பத்தாண்டில்தான் எல்லாம் மாறியது. அதற்கு முன் பேக்கலைட். தூளை மாத்திரையாக அழுத்தி, சூடான மோல்டில் வைத்து, பிரஸ்ஸால் மூடி, சில நிமிடம் காத்திருக்க வேண்டும். அது மோல்டுக்குள்ளேயே வெந்து இறுகிவிடும், மறுபடி உருகாது. ஓரத்தில் பிதுங்கியதைக் கையால் அரம் போட்டு எடுப்பார்கள். பிறகு வந்த வகை உருகும், மோல்டில் குளிர்ந்து இறுகும், மறுபடியும் உருக்கலாம். உருக்கி ஊசி போடுவதுபோல் மோல்டுக்குள் செலுத்தினால் ஒரு நிமிடத்துக்குள் உருப்படி கையில். மாடல் 500-ன் உடம்பு முதலில் செல்லுலோஸ் வகைப் பிளாஸ்டிக்கில் வந்தது, 1950-களின் இறுதியில் ஏபிஎஸ் என்ற வேறு வகைப் பிளாஸ்டிக்குக்கு மாறியது.

ஏர்ல் டப்பர் என்பவர் பாலிஎதிலீனை எடுத்துக்கொண்டார். போர்க்காலத்தில் ரேடார் கேபிளுக்கு உறையாக இருந்த பொருள் அது. 1946-ல் அதில் கிண்ணம் செய்து விற்க ஆரம்பித்தார். அவருடைய மூடி, பெயிண்ட் டப்பா மூடியைத் திருப்பிப் போட்ட யோசனை. இதைத் தொழில்காரன் கண்ணால் பாருங்கள்: அந்த மூடியின் விளிம்பு வளைவாகக் கொக்கி போட்டிருக்கும். கடினமான பிளாஸ்டிக்காக இருந்தால் அது மோல்டிலிருந்து வெளியே வராது, உடையும். பாலிஎதிலீன் வளைந்து கொடுத்து வழுக்கி வந்துவிடும். அந்தப் பொருள் இல்லாமல் அந்த வடிவமே இல்லை. கடையில் சரியாக விற்காமல், பிரவுனி வைஸ் என்ற பெண்மணி வீடுகளில் கூட்டம் போட்டு விற்றுக் காட்டிய பிறகு, 1951-ல் கடைகளிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

பல்ப் கண்ணாடி இவை எதிலும் சேராத தனி ரகம். 1926-ல் பென்சில்வேனியாவில் வெல்ஸ்பரோ என்ற சிற்றூரில் கார்னிங் கம்பெனி ஓட்டிய ரிப்பன் மெஷினில், உருகிய கண்ணாடி நாடாபோல் ஓட்டைத் தட்டுகள் மேல் ஓடும், ஓட்டை வழியே தொங்கும், மேலிருந்து காற்று ஊதும், கீழிருந்து வாய் திறந்த அச்சுகள் வந்து மூடிக்கொள்ளும். ஆரம்பத்திலேயே நிமிடத்துக்குச் சில நூறு பல்ப். அச்சைக் கார்க் கரிப் பூச்சு போட்டுத் தண்ணீரில் நனைத்துச் சுழற்றுவார்கள். நீராவிப் படலத்தின் மேல் கண்ணாடி மிதந்து சுழல்வதால் பல்பில் ஒட்டுக்கோடு விழாது.

ஃபிரிட்ஜ், அடுப்பு போன்றவற்றின் எனாமல் வேலையும், அதாவது இரும்பின் மேல் கண்ணாடிப் பூச்சைச் சுட்டு ஒட்டுவதும், தனிக் கலை. கார்பன் மிகக் குறைந்த தகட்டை அழுத்தி வளைத்து, அமிலத்தில் கழுவி, முதலில் கோபால்ட் கலந்த அடிப்பூச்சு அடித்து 800 டிகிரிக்கும் மேல் சூட்டில் சுடுவார்கள். அதன்மேல் வெள்ளை. பழைய அடுப்பில் எனாமல் தெறித்த இடத்தைப் பார்த்தால் வெள்ளைக்கும் இரும்புக்கும் நடுவே கருநீல வளையம் தெரியும். அதுதான் அந்தக் கோபால்ட் அடிப்பூச்சு, கண்ணாடியை இரும்போடு பிடித்து வைப்பது அதுதான்.

எல்லாவற்றையும் சேர்ப்பது மட்டும் கடைசிவரை மனிதக் கைதான், அதிலும் பெரும்பாலும் பெண்களின் கை. சிகாகோவை ஒட்டிய வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கின் ஹாதார்ன் தொழிற்சாலையில் 1927-ல் நடந்த புகழ்பெற்ற ஆய்வில், பெண்கள் ஒரு ரிலேயின், அதாவது மின்காந்தத்தால் இயங்கும் ஸ்விட்சின், சுமார் 35 சிறு உறுப்புகளை ஒரு நிமிடத்தை ஒட்டிய நேரத்தில் சேர்த்தார்கள் என்று பதிவாகியிருக்கிறது. இருபது முப்பது வருடம் கழித்தும் டெலிபோன் வரிசையில் வேலையின் தன்மை அதுவேதான். உறுப்புகள் ஒரே அளவில் வந்ததால்தான் அந்த வேகம் சாத்தியமாயிற்று. சேர்க்கிற இடத்தில் அரத்தைத் தூக்க வேண்டிய நிலை வந்தால் டூல் ரூமில் யாரோ தவறு செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இனி இரண்டாவது கேள்வி. பழையது ஏன் உழைக்கிறது? இதில் உறுதியானது ஒன்று உண்டு. அந்த டெலிபோன் விற்பனைக்குச் செய்ததே அல்ல. பெல் நிறுவனம் அதை வாடகைக்குக் கொடுத்தது, கெட்டால் அவர்கள்தான் தங்கள் செலவில் ஆள் அனுப்பிச் சரிசெய்ய வேண்டும். 1968-ல் கார்ட்டர்ஃபோன் வழக்கில் தீர்ப்பு வரும்வரை சந்தாதாரர் சொந்தக் கருவியை லைனில் மாட்டவே அனுமதி இல்லை. ஒரு தடவை ஆள் அனுப்புகிற செலவை மிச்சம் பிடிக்க, தயாரிக்கும்போதே கூடுதலாகச் செலவழிப்பது அவர்களுக்கு லாபம். அதனால்தான் உள்ளே ஒயர் முனைகளெல்லாம் திருகில் மாட்டியிருக்கும், ஒரே ஸ்க்ரூ டிரைவரில் முழுவதையும் கழற்றலாம். டெலிபோன் நீடித்ததற்கு முதல் காரணம் இந்த வாடகைக் கணக்கு.

மற்றப் பொருள்களுக்கு இதை நீட்டக் கூடாது. "அந்தக் காலத்தில் எல்லாமே உறுதி" என்பது எனக்குச் சந்தேகத்துக்குரிய பேச்சு. உடைந்த டோஸ்டரும் எரிந்த மிக்ஸரும் எழுபது வருடத்துக்கு முன்பே குப்பைக்குப் போய்விட்டன. நாம் பார்ப்பது மிஞ்சியதை மட்டும்தான். திட்டமிட்ட காலாவதி என்ற சொல்லை 1954-ல் பிரபலப்படுத்தியவர் ப்ரூக்ஸ் ஸ்டீவன்ஸ், அவரும் அமெரிக்க வடிவமைப்பாளர்தான். மக்கள் தேவைக்குக் கொஞ்சம் முன்னதாகவே புதிது வாங்க ஆசைப்பட வேண்டும் என்பது அவர் வாதம். "அன்றைய எஃகு நல்ல எஃகு" என்பதும் தவறு. இன்றைய எஃகில் கசடு குறைவு, குணம் சீராக இருக்கும். தகடு கனமாக இருந்தது உண்மை. எவ்வளவு மெல்லியதாகப் போகலாம் என்று கணக்கிடும் கருவி கையில் இல்லாததால் பாதுகாப்பாகக் கொஞ்சம் கூடவே வைத்தார்கள் என்று நினைக்கிறேன். இது ஒரு டூல் மேக்கரின் ஊகம், அதற்கு மேல் எடுத்துக்கொள்ள வேண்டாம். திருகு போட்டு மூடியது மட்டும் நிச்சயமாக உதவியது. இன்று கிளிப் போட்டு அமுக்கி மூடுகிறோம், திறந்தால் கிளிப் உடைகிறது, பொருளும் போய்விடுகிறது.

அந்தத் தரத்துக்குச் சிலர் கொடுத்த விலையையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பிரஸ் ஓட்டியவர்களின் மணிக்கட்டில் பட்டை கட்டி, அதைக் கம்பியால் பிரஸ்ஸின் மேற்பகுதியோடு இணைத்திருப்பார்கள். பிரஸ் இறங்கும்போது கையைப் பின்னே இழுத்துவிடும். பழைய புகைப்படங்களில் சங்கிலியால் கட்டியதுபோல் தெரியும். அதுகூட இல்லாத ஷாப்புகளில் விரல்கள் போயின. நான் வேலை பழகிய பிரஸ் ஷாப்பிலும் பக்கத்து மெஷின் அண்ணன் இரண்டு விரலை இழந்தார், அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அமெரிக்காவில் தொழிலிடப் பாதுகாப்புக்கென்று நாடு தழுவிய சட்டம் வந்தது 1970-ல்தான். அயர்ன் பாக்ஸ் ஒயரில் ஆஸ்பெஸ்டாஸ் நூல் சுற்றினார்கள். 1952 முதல் 1956 வரை ஒரு சிகரெட்டின் ஃபில்டரிலேயே ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. குரோம் பளபளப்புக்குப் பின்னால் தூசிக்குள் நின்று பாலிஷ் போட்டவர்களின் நுரையீரல் இருக்கிறது. பழைய பொருளை நானும் நேசிக்கிறேன். அதைச் செய்தவர்களையும் சேர்த்துத்தான் நேசிக்க முடிகிறது.

கேள்வி கேட்டவருக்கு எங்காவது ஒரு மாடல் 500 கையில் கிடைத்தால், அடியில் இருக்கும் இரண்டு திருகைத் தளர்த்தி மேல்மூடியை எடுத்துப் பாருங்கள். மூடியின் உட்பக்கம், அடித்தட்டு, டயலின் பின்புறம், ரிசீவருக்குள் என்று உறுப்புக்கு உறுப்பு மாதமும் வருடமும் பதித்திருப்பார்கள். எல்லாம் ஒரே மாதத்தை ஒட்டி இருந்தால் அது முதலில் சேர்த்தபடியே இருக்கிறது. அடித்தட்டு 1953, டயல் 1958, மூடி 1964 என்று கலந்து இருந்தால், ஏதோ ஒரு வீட்டிலிருந்து திரும்பி வந்து, பழுதானதைக் கழற்றிவிட்டு வேறு உறுப்பை மாட்டி, இன்னொரு வீட்டுக்குப் போயிருக்கிறது. பதினோரு வருட இடைவெளியில் செய்த மூடி, அந்த அடித்தட்டில் அரம் படாமல் உட்கார்ந்திருக்கும். விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டிப் பாருங்கள்.